வள்ளத்தில் நின்றிருந்த ஆள்

உட்கார்ந்தானா, விழுந்தானா? திரும்பக் கிளம்பி நான்கு நிமிடம்தான் ஆகியிருக்கும், அதற்குள் பெத்துராஜ் இதை நானூறு தடவை கேட்டுவிட்டான். தன்னைத்தான் கேட்டுக்கொண்டான், வேறு யாரைக் கேட்பது? ஹெலிகாப்டரின் இடதுபக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டிருந்தார்கள். அந்த வாசலில் கால் இரண்டையும் வெளியே நீட்டி, படியில் ஊன்றி, இடுப்பு பெல்ட்டின் பிடியில் உட்கார்ந்திருந்தான். மடியில் துப்பாக்கி. காலுக்குக் கீழே இருநூறு அடியில் கடல் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் ஓட்டுகிறவர் தண்டபாணி சார். முதுகுக்குப் பின்னால் பெல்ட்டின் மறுமுனையைக் கையில் சுற்றிப் பிடித்திருப்பவர் இஞ்ஞாசி மோத்தா அண்ணன். மூன்றே பேர். நடந்தது இவ்வளவுதான். கடலோரக் காவல்படையில் மாதம் ஒருமுறை நடக்கிற பயிற்சி. கடலில் ஆரஞ்சு பெயிண்ட் அடித்த பீப்பாய் ஒன்றை மிதக்க விடுவார்கள், பறந்துகொண்டே பத்துத் தோட்டாவால் அதைச் சுட வேண்டும். ஒன்பது பீப்பாயில் பட்டது. பத்தாவது படவில்லை. பத்தாவதைச் சுட்டுவிட்டுக் கண்ணைத் தூக்கினால், பீப்பாய்க்கு அப்பால் வெகுதூரத்தில், வெயில் தண்ணீரில் விழுந்து கண் கூசுகிற அந்தப் பக்கத்தில், ஒரு வள்ளம், மீன்பிடிக்கிற சின்னப் படகு. வள்ளத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். பெத்துராஜ் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினான். சிமிட்டித் திறந்தபோது வள்ளம் இருந்தது, ஆள் நிற்கவில்லை. சரியாகப் பார்ப்பதற்குள் ஹெலிகாப்டர் தளத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது, அவன் உட்கார்ந்திருந்த வாசல் மறுபக்கம் போய்விட்டது. இனி தளம் பதினைந்து நிமிடம். அதில் நான்கு போய்விட்டது.

"பத்துக்கு ஒம்பதுப்பா பெத்துராஜு!" ஹெல்மெட்டுக்குள், காதில், தண்டபாணி சார் குரல். "என்ற சர்வீஸ்ல நாலு பேர்த்தைத்தான் பாத்திருக்கேன். ட்ரெய்னிங் ஸ்கூல் போஸ்டிங் உனக்குத்தான், எழுதி வெச்சுக்க."

"சார்," என்றான் பெத்துராஜ். மார்பில் தொங்குகிற பொத்தானை அழுத்தினால்தான் பேச்சு போகும். அழுத்தியதும் மூன்று பேர் காதிலும் ஒன்றாகப் போய் விழும். இந்த இரைச்சலில் ஒருவர் காதில் மட்டும் ரகசியம் சொல்ல வழியே கிடையாது. சொன்னால் எல்லோருக்கும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்தான். எடுத்த விரல் ஏனோ மறுபடி அங்கேயே போய் நின்றது.

பத்துக்கு ஒன்பது. எப்படிப்பட்ட ஒன்பது! நினைக்கக் கூடாத நேரத்தில் அந்த ருசி நாக்கில் ஊறியது, அதற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது, ஆனாலும் ஊறத்தான் செய்தது. தரையில் படுத்துக்கொண்டு சுடுகிறவர்களுக்கு இது தெரியாது. தரையில் மண் உன்னைத் தாங்கும், உன் மூச்சு ஒன்றைத்தான் நீ அடக்க வேண்டும். இங்கே என்ன நிற்கிறது? மேலே இறக்கை சுற்றுகிறது, உட்கார்ந்த பலகை நடுங்குகிறது, அந்த நடுக்கம் முதுகுத்தண்டு வழியாக ஏறித் தாடை வரைக்கும் வருகிறது, காற்று கன்னத்துச் சதையைப் பிடித்து இழுக்கிறது. துப்பாக்கியை எதன்மேலும் சாய்த்துவிடக் கூடாது. சாய்த்தால் ஹெலிகாப்டரின் நடுக்கம் முழுவதும் குழலுக்குள் போய்விடும். இரண்டு கைதான், தோள்தான், இடுப்பைத் துவள விட்டு உடம்பையே தொட்டிலாக்கி அதில் துப்பாக்கியைத் தூங்க வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. குறியைப் பார்த்துச் சுட்டால் குறியில் படாது. ஹெலிகாப்டர் போகிற வேகத்தைத் தோட்டாவும் தூக்கிக்கொண்டு போகும், அதனால் பீப்பாய்க்குப் பின்னால், ஒன்றுமில்லாத வெறும் தண்ணீரைப் பார்த்துச் சுட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதில்தான் கதறுவார்கள். எல்லாம் தெரியும், கணக்கு தெரியும், ஆனால் விரல் கேட்காது, பீப்பாயைப் பார்த்ததும் பீப்பாயைத்தான் சுடும். பெத்துராஜுக்கு மட்டும் முதல் நாளே வந்துவிட்டது. ஏன் வந்தது என்று கேட்டவர்களிடம் சிரித்து மழுப்பிவிடுவான். கழுகுமலைத் திருவிழாவில் பலூன் சுடுகிற கடைதான் காரணம் என்று சொன்னால் யார் மதிப்பார்கள்? அந்தக் கடைக்காரம்மாள் துப்பாக்கியின் முன்பக்கக் குமிழை ஒரு பக்கமாக நெளித்து வைத்திருப்பாள். மஞ்சள் பலூனைக் குறிவைத்தால் குண்டு பலகையில் போய்ப் பதியும். பத்து வயசில் அவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். மஞ்சளுக்கு வேண்டுமானால் இடதுபக்கம் நீலத்தைப் பார், நீலத்துக்கு வேண்டுமானால் ஒன்றுமில்லாத இடத்தைப் பார். ஒரு வரிசையை ஏறக்குறைய முழுசாக உடைத்ததும் அந்தம்மாள் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு, "போதும் எந்திரிடா, எங் கடையைக் காலி பண்ணவா வந்த?" என்று விரட்டினாள். ஒரு பலூன் மிச்சம் இருந்தது. அந்த ஒன்றை உடைக்கவிடாமல் எழுப்பிவிட்டாளே என்று வீடு வருகிற வரைக்கும் அழுதுகொண்டு வந்தான். அந்த மிச்சம்தான், எழவு, இன்றைக்கும் அந்த மிச்சம்தான்.

இல்லை, அப்படிச் சொல்ல முடியாது. அவசரப்பட்டு எதையும் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது. நடந்ததை வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது பட்டு பீப்பாய் ஒரு சுற்றுச் சுற்றியது. அவன் அடுத்ததற்குத் தயாராக இருந்தான். மோத்தா அண்ணன் தோளில் தட்டினார். தட்டுவதுதான் இங்கே கட்டளை. சுடுகிறவன் காது சுடுவதில் இருக்கும், பேச்சு ஏறாது என்பதால் வைத்த முறை. ஒரு தட்டு என்றால் சுடு, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டினார். தட்டினது முதலா, சுட்டது முதலா? இரண்டும் ஒன்றாகவே நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தட்டுகிற கை இறங்குகிற நேரம் விரல் இழுத்துவிட்டது. இழுத்த விரலைத் திரும்பக் கூப்பிட முடியுமா? யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் ஹெலிகாப்டர் அப்போது விலகத் தொடங்கியிருந்ததே, அதுதான் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. விலகத் தொடங்கினால் சாய்வு மாறிவிடும். நேர் கீழே சுட்டால் தண்ணீர் தோட்டாவை விழுங்கிக்கொள்ளும், சாய்வாகச் சுட்டால் விழுங்காது, எகிறவிடும். குளத்தில் ஓட்டாஞ்சில்லை எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி. எங்கே போகும் என்று எறிந்தவனுக்கும் தெரியாது. பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துளி எழும்பியதைப் பார்த்தான். அதற்கப்புறம் அது எங்கே போயிற்று? அப்பால் வள்ளம். வள்ளத்தில் ஆள். வெயிலில் கறுப்பாக, ஒரு குச்சியை நட்டு வைத்த மாதிரி நின்றான்.

உட்காருவதற்கு ஒரு மனுஷனுக்கு எத்தனையோ காரணம் இருக்கிறது. வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறியிருக்கும், குனிந்து இறைத்திருப்பான். வலையில் சிக்கல் விழுந்திருக்கும். காற்றுக்கு அணையாமல் பீடி பற்றவைக்க வேண்டுமென்றால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். பசித்திருக்கும், தூக்குச்சட்டியைத் திறந்திருப்பான், மணி பதினொன்று இருக்குமே. நாளெல்லாம் நின்றுகொண்டேவா இருப்பார்கள்? கால் வலிக்காதா? பெத்துராஜ் அந்த ஆளை ஒவ்வொரு விதமாக உட்கார வைத்துப் பார்த்தான். இறைக்க வைத்தான், பீடி குடிக்க வைத்தான், சாப்பிட வைத்தான். ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் நெஞ்சு லேசானது. பிறகு அந்தக் கண் சிமிட்டல் ஞாபகம் வரும். ஒரு சிமிட்டல் நேரத்தில் யாரும் உட்காருவதில்லை. உட்காருகிறவன் முதலில் குனிவான், கையை எதிலாவது ஊன்றுவான், பிறகுதான் உட்காருவான். சிமிட்டலுக்குள் முடிந்துபோகிற காரியம் வேறு. பெல்ட் இறுக்கமாக இருக்கிறதோ என்று தளர்த்தப் போனான், தளர்த்தினால் கீழே போய்விடுவோம் என்று உறைத்து, கையை எடுத்துக்கொண்டான். பதினோரு வருஷ சர்வீஸில் அவன் சுட்டதெல்லாம் பீப்பாயும் பலகையும்தான். ஒருதடவை கடலில் அடித்துக்கொண்டு வந்த மரத்தைச் சுடச் சொன்னார்கள். உயிர் உள்ள எதையும் சுட்டதில்லை. "தகர டின்னைச் சுடுறவனுக்கு இம்புட்டுச் சம்பளமா?" என்று அவன் மனைவி முத்துப்பேச்சி ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். பயிற்சி நாளன்றைக்குப் போன் பண்ணி, "இன்னைக்கு எத்தனை ஓட்டை போட்டீரு டின்னுல?" என்பாள். இன்றைக்கும் கேட்பாள். ஒன்பது என்று சொல்வான். ஒன்பதா, மிச்சம் ஒண்ணு எங்க போச்சு என்று கேட்பாள். அவள் கேட்கிற வழக்கமே அதுதான். எட்டு என்றால் ரெண்டு எங்க போச்சு, ஏழு என்றால் மூணு எங்க போச்சு. கடல்ல போச்சுடி என்று இத்தனை காலமும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்.

முதுகில் ஏதோ இடித்தது, திடுக்கிட்டுத் திரும்பினான். மோத்தா அண்ணன் கடலை மிட்டாயை நீட்டிக்கொண்டிருந்தார். விடுமுறை முடிந்து வரும்போது பெத்துராஜ்தான் கோவில்பட்டியிலிருந்து வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தது. பயிற்சி முடிந்து திரும்புகிற வழியில் அதைத் தின்பது அவர்கள் வழக்கம். வாங்கிக்கொண்டான். அண்ணன் கையை உடனே எடுக்கவில்லை. அவன் தோளில், இரண்டு தட்டுத் தட்டிய அதே இடத்தில், கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் தெரியவில்லை. தலையை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டினார். வேண்டாம் என்கிறாரா, விட்டுவிடு என்கிறாரா? இவருக்குத் தெரியும். தட்டியவர் இவர்தானே, தட்டினது முதலா சுட்டது முதலா என்று இவர் கைக்குத் தெரியாதா? எதற்காகத் தட்டினார்? பத்துத் தோட்டாவும் தீரும் முன் எந்தப் பயிற்சியிலும் நிறுத்தச் சொல்லித் தட்டியதில்லை. வள்ளத்தைப் பார்த்துவிட்டுத்தான் தட்டியிருக்கிறார். கடற்கரை ஊரில் பிறந்தவர், கடலில் ஒரு புள்ளி தெரிந்தால் அது பறவையா கட்டையா வள்ளமா என்று மற்றவர்களுக்கு முன்னால் சொல்லிவிடுகிறவர். பார்த்துவிட்டு, தட்டிவிட்டு, அதற்குப் பிறகு வெடித்த சத்தத்தையும் கேட்டுவிட்டு, இந்த மனுஷன் எனக்காக வாயை மூடிக்கொண்டு மிட்டாய் கொடுக்கிறார். மிட்டாயை வாயில் போட்டான். கடித்தான். மண்டைக்குள் அந்தக் கடக் என்ற சத்தம் கேட்டதும் எதையோ கடித்துவிட்ட மாதிரி உடம்பு கூசியது. துப்ப முடியாது, வெளியே துப்பினால் காற்றில் பின்னால் போய் இறக்கையில் மாட்டும் என்று எதையும் எறியவிடமாட்டார்கள். வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தான். வெல்லம் கரைந்து கரைந்து இறங்கிக்கொண்டே இருந்தது.

ஆறு நிமிடம். கரை ஒரு பழுப்புக் கோடாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. கரை தெரிந்ததும் இன்னொரு குரல் உள்ளே கிளம்பியது, நல்ல பிள்ளை மாதிரி, நிதானமாக. நீ சொன்னால் என்ன நடக்கும்? நிறுத்தச் சொன்ன பிறகு சுட்டவன் என்று எழுதுவார்கள். அப்புறம் உன் கையில் யார் துப்பாக்கியைக் கொடுப்பார்கள்? ஸ்டோரில் உட்கார்ந்து கம்பளி எண்ண வேண்டியதுதான். ட்ரெய்னிங் ஸ்கூல் போஸ்டிங் போயிற்று, முத்துப்பேச்சியைக் கூட்டி வந்து குடும்பமாக இருக்கலாம் என்பதும் போயிற்று. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது. பத்துத் தோட்டா வாங்கினாய், பத்தும் சுட்டாய், சரியாகப் போயிற்று. பீப்பாய்க்கு அடுத்தாற்போல் தண்ணீரில் விழுந்த தோட்டாவை யார் தேடப் போகிறார்கள்? அங்கே ஒருவன் கிடந்தால் அவனைத் தேடி அவன் ஆட்கள் வருவார்கள். எப்போது வருவார்கள்? பொழுது சாய்ந்து ஆள் வரவில்லையே என்று பார்த்து, விடிந்தும் வரவில்லையே என்று கிளம்பி, நாளை மத்தியானம். ரத்தம் அதுவரை நிற்குமா? வெயில் இருக்கிறதே. எங்கே பட்டிருக்கும்? தொடையில் பட்டிருந்தால் துணியை இறுக்கிக் கட்டினால் போதும். வயிற்றில் பட்டிருந்தால் தண்ணீர் கேட்பான். ஐயோ, யாரிடம் கேட்பான்? பெத்துராஜ் கண்ணை மூடிக்கொண்டான். மூடின கண்ணுக்குள் துப்பாக்கி ஸ்கோப்பின் வட்டம் வந்தது. அதில் பீப்பாய். பீப்பாய்க்கு மேலே, வட்டத்தின் ஓரத்தில், ஒரு கறுப்பு.

அது எப்போது பார்த்தது? சுட்ட பிறகு ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு அல்லவா வள்ளத்தைப் பார்த்தான், அப்படியென்றால் வட்டத்துக்குள் இருக்கிற இந்தக் கறுப்பு எப்போதையது? முன்னால். சுடுவதற்கு முன்னால். கட்டை என்று நினைத்தான். இல்லை, பறவை என்று நினைத்தான். இல்லை. அட மனுஷா, யாரிடம் இந்த விளையாட்டு? பார்த்தாய். தோளில் இரண்டு தட்டு விழுந்தது. ஒன்று, இரண்டு என்று தெளிவாக விழுந்தது. எதற்கு என்று பார்த்தாய், வட்டத்தின் ஓரத்தில் ஓர் ஆள் நிற்பதைப் பார்த்தாய், ஹெலிகாப்டர் விலகுகிறது, இன்னும் அரை விநாடிதான் என்று மனசு சொல்லிற்று, பீப்பாய் வட்டத்துக்குள் இருந்தது, ஒன்று மிச்சம் இருந்தது. அந்தம்மாள் துப்பாக்கியைப் பிடுங்குவதற்குள் அந்தக் கடைசிப் பலூனை உடைத்துவிடலாம் என்று சுட்டாய். பீப்பாய்க்கும் ஆளுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது என்று நினைத்தாய். நினைக்கக்கூட இல்லை. எதையும் நினைக்கவில்லை. பத்து என்று மட்டும் நினைத்தாய். பெத்துராஜ் கண்ணைத் திறந்தான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அழுகிறோம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. கட்டைவிரல் பொத்தானின்மேல்தான் இருந்தது. அழுத்தினான்.

"சார்."

"சொல்லுப்பா."

"திரும்பணும் சார்."

"என்னது?"

"டின்னுக்கு அந்தால ஒரு வள்ளம் கெடந்துச்சு சார். அதுல ஒரு ஆளு நின்னாரு. நான் கடைசியா சுட்ட பெறகு நிக்கல."

தண்டபாணி சார், குரலை உயர்த்தாமல், "மோத்தா, நீ பாத்தியா?" என்றார்.

"வள்ளத்தப் பாத்தேன் சார். பாத்துட்டுத்தான் தட்டுனேன்."

"தட்டுனதுக்கப்பறமாச் சுட்டான்?"

மோத்தா அண்ணன் கை மறுபடி அவன் தோளில் வந்து இறுகியது.

"அப்பறந்தான் சார் சுட்டேன்," என்றான் பெத்துராஜ். "தட்டுனது தெரிஞ்சது சார். ஆளு நின்னதும் தெரிஞ்சது."

"அப்பறம் ஏம்ப்பா?"

"பத்து ஆகணும்னு சார்."

தண்டபாணி சார் ஏதோ முனகினார், திட்டினாரா, சாமியைக் கூப்பிட்டாரா தெரியவில்லை. அடுத்த நொடி கடல் எழுந்து வாசலுக்கு நேராக நின்றது, பெல்ட் இடுப்பைக் கடித்தது, பழுப்புக் கோடு சுற்றிக்கொண்டு பின்னால் போயிற்று. "போறக்கு ஆறு, வாரக்குப் பதினஞ்சு," என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டார். "ஃப்யூலு பத்து நிமிஷத்துக்குத்தான் தாங்கும் அங்க. நல்லாப் பாத்துக்குங்க ரெண்டு பேரும்." அந்த ஆறு நிமிடமும் பெத்துராஜ் எதையும் யோசிக்கவில்லை, யோசிப்பதற்கு மிச்சம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. உட்கார்ந்திருக்கட்டும், உட்கார்ந்திருக்கட்டும் என்று மட்டும் உதடு அசைந்துகொண்டிருந்தது. இறைச்சுக்கிட்டு இருங்கய்யா. பீடி குடிச்சுக்கிட்டு இருங்க. சோறு தின்னுக்கிட்டு இருங்க. முதலில் ஆரஞ்சு பீப்பாய் தெரிந்தது, ஒன்பது ஓட்டையோடு முக்கால்வாசி முங்கி. அதைத் தாண்டி வெயில். வெயிலுக்குள் வள்ளம், கண்ணுக்கு முழுசாகத் தெரிகிற தூரத்தில். சிறிய வள்ளம். வலை ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்தது. ஆள், வள்ளத்தின் அடிப்பலகையில் குப்புறக் கிடந்தார்.

வெள்ளை பனியன், நீலக் கைலி, கால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று, தலை பலகைச் சட்டத்துக்கு அடியில் செருகியிருந்தது. பனியனில் கறை தெரிகிறதா? நிழலா கறையா? தண்டபாணி சார் இன்னும் கீழே இறக்கினார். இறக்கையின் காற்று தண்ணீரைக் கிழித்து வட்டமாகப் புகைய வைத்தது, வள்ளம் தாறுமாறாக ஆடியது, ஆட்டத்தில் அந்தக் கால் அசைந்தது. காற்று அசைத்ததா, காலே அசைந்ததா? மறுபடியும் அந்தக் கேள்வியே வேறு உருவத்தில் வந்து நின்றது.

"சார், கிட்ட போவாதீங்க," என்றார் மோத்தா அண்ணன். "மேல இருந்து சுடுதாவன்னு தோணிட்டா எங்க ஆளுவ இப்படித்தான் குப்புறப் படுத்துக்குவாவ. நாம இங்க நிக்கிற மட்டும் எந்திரிக்க மாட்டாவ."

"அப்ப உசுரு இருக்கா இல்லையான்னு எப்படித்தான் பாக்கறது?"

"இவருக்கு இன்னைக்குப் பயிற்சின்னே தெரிஞ்சிருக்காது சார். கடலுக்குப் போவாதீங்கன்னு கோயில் மைக்ல சொல்றதுக்கு முன்னமே கடலுக்கு வந்து தீவுல தங்கியிருப்பாரு. திரும்பி வந்தா மேல இருந்து சுடுதாவ. என்ன நெனைப்பாரு?"

பெத்துராஜ் தன் மடியைப் பார்த்தான். துப்பாக்கி. அதன் முனை வாசலுக்கு வெளியே, நேராக வள்ளத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. தோட்டா இல்லாத துப்பாக்கி என்று அவனுக்குத் தெரியும், கீழே கிடப்பவருக்குத் தெரியுமா? இவ்வளவு நேரமும் அந்த மனுஷன்மேல் இதைத்தான் நீட்டிப் பிடித்துக்கொண்டு, உயிரோடு இருங்க, எந்திரிங்க என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறான். அவசர அவசரமாக அதைத் திருப்பிப் பின்னால் அண்ணனிடம் கொடுத்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான், பேச்சு அறுந்து இரைச்சல் தலைக்குள் கொட்டியது. இரண்டு கையையும் விரித்து, வெளியே நீட்டிக் காட்டினான். ஒன்றுமில்லை. பாருங்கய்யா, கையில ஒண்ணுமில்ல.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பலகைச் சட்டத்துக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. தலை வரவில்லை, கை மட்டும். அதில் ஏதோ பளபளத்தது. பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. மீனவர் அடையாள அட்டை. அந்தக் கை அதை மேலே தூக்கிப் பிடித்தது, காற்றில் அட்டை படபடத்தது, காற்று இல்லாத போதும் அது படபடக்கத்தான் செய்திருக்கும். அப்புறம் இன்னொரு கை. அப்புறம் நரைத்த தலை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். பனியனில் இருந்தது மீன் கறைதான். அவர் முட்டி போட்டு, ஆடுகிற வள்ளத்தில் ஒரு காலை ஊன்றி, மறு காலை ஊன்றி, இரண்டு கையையும் தலைக்குமேல் உயர்த்திக்கொண்டு எழுந்து நின்றார். எழுந்ததும் அவருக்குப் பின்னால் பலகைமேல் இருந்த வெள்ளைக் குடிதண்ணீர்க் கேன் தெரிந்தது. அதன் வயிற்றில் ஓர் ஓட்டை. ஓட்டை மட்டத்துக்குத் தண்ணீர் இறங்கிவிட்டது போல, கடைசியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் இடுப்புயரத்தில், ஒரு முழம் தள்ளி. பத்தாவது அங்கேதான் போயிருக்கிறது, முத்துப்பேச்சி.

மோத்தா அண்ணன் ஹெல்மெட்டை எடுத்து அவன் தலையில் மாட்டினார். "...ஆளு நல்லாத்தான் இருக்காரு," என்று தண்டபாணி சார் சொல்லிக்கொண்டிருந்தார், குரல் அவருக்கும் ஒருமாதிரி இருந்தது. தளத்தைக் கூப்பிட்டு, குடிதண்ணீரோடு ஒரு படகு அனுப்பச் சொன்னார். என்ன விஷயம் என்று அங்கிருந்து கேட்டார்கள். "வந்து சொல்றோம்," என்றார். பிறகு, "நீதான் சொல்லோணும் பெத்துராஜு," என்றார். "சொல்றேன் சார்," என்றான். அதில் அவனுக்கு இப்போது பயம் இல்லை. பயமெல்லாம் கீழே நின்றுகொண்டிருந்தது, வெயிலில், கையைத் தூக்கிக்கொண்டு. பெத்துராஜ் உள்ளங்கையைக் கீழ்நோக்கித் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினான். உட்காருங்க. போதும், உட்காருங்கய்யா. அந்த மனுஷனுக்கு அது என்னவென்று புரிந்ததோ, அட்டையை இன்னும் உயரத் தூக்கினார். பெத்துராஜ் கை கூப்பினான். அவர் அசையவில்லை. ஹெலிகாப்டர் மேலெழும்பி மெதுவாக விலகியது. தண்டபாணி சார் கேட்காமலே ஒரு பக்கமாகச் சாய்த்து ஓட்டினார், இடதுபக்க வாசலிலிருந்து கடைசிவரை பார்க்க முடிந்தது. வள்ளம் சிறுத்துக்கொண்டே போயிற்று, ஆள் குச்சியானார், குச்சி புள்ளியானது. உட்காருங்க, உட்காருங்க என்று பெத்துராஜ் கையைத் தாழ்த்திக்கொண்டே இருந்தான். கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அவர் உட்காரவே இல்லை.